மூன்று சொட்டுச் சம்மதம்

ஒரு படம் நாற்பது வருடமாக யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் நன்றாக இருந்தால், அது பெரிய இடத்து ஆட்களின் கண்ணை உறுத்தத்தானே செய்யும். ‘ஜன்னலில் பூமி’ என்ற பழைய விண்வெளிப் படத்தை மறுபடியும் எடுத்துவருவதாகவும் மூன்று மாதத்தில் வெளியிடப்போவதாகவும், அதன் உரிமையைக் கையில் வைத்திருந்த ஸ்டுடியோ ஒருநாள் காலையில் அறிவித்தது. ‘இன்றைய தலைமுறையின் வேண்டுகோளுக்கு இணங்க’ என்று அறிவிப்பில் இருந்தது. இன்றைய தலைமுறையில் யார் வேண்டினார், யாரிடம் வேண்டினார் என்பதற்கெல்லாம் பதில் இல்லை.

அறிவிப்பைப் படித்தபோது பல்செட்டுக்காரர் தன் பட்டறையில் ஒரு மேல்வரிசைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். சாதுவான மனிதர். கடையில் மிச்சச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூடத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்.

அந்தப் படத்தை அவர் அறுபத்தொரு தடவை பார்த்திருந்தார். பழைய விண்வெளி நிலையம் ஒன்றைப் பூட்டிவிட்டு வரும்படி ஒரு பழுதுபார்க்கும் பெண்ணை மேலே அனுப்புகிறார்கள். போன இடத்தில் திரும்பி வரும் ஓடம் கெட்டுப்போகிறது. கூட இருப்பது ஓர் இயந்திரம் மட்டும். அது அட்டையில் செய்தது என்பதும், ஒட்டிய பசை வழிந்திருப்பதும் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும். இனி வீடு இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பெண் பதினொரு நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பூமியைப் பார்க்கிறாள். அப்புறம் எழுந்து, எரியாத விளக்கு ஒன்றைச் சரிசெய்யப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. பல்செட்டுக்காரர் இதை முதலில் பார்த்தது பதினாலு வயதில், அவருடைய அப்பா வீட்டை விட்டுப் போன வாரத்தில். அழுது முடித்த பிறகு எழுந்து வேலையைப் பார்க்கலாம் என்று அவருக்குச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான். அந்த நன்றி அவருக்கு இன்றைக்கும் இருந்தது.

அதனால்தான் கையில் மெழுகு இருப்பதையும் மறந்து, அறிவிப்பின் கீழே ஒரு கருத்தைத் தட்டிவிட்டார்: “நல்லா இருக்கற பல்லைப் பிடுங்கிட்டு எந்த டாக்டரும் பல்செட்டு கட்டமாட்டாரு. இந்தப் படத்துக்கு இப்ப எங்க வலிக்குது?”

எழுபதாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். பத்தாம் நாள் ஸ்டுடியோவிலிருந்து கெட்டித் தாளில் ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் சந்தேகம் பரிசீலிக்கப்பட்டுத் தேர்வு செய்யப்பட்டுள்ளது. தங்களை எமது அங்கீகரிக்கப்பட்ட சந்தேக ரசிகராக நியமிப்பதில் மகிழ்கிறோம். சந்தேகத்துடன் நேரில் வரவும்.’

“எதுக்குங்க கூப்பிடறாங்க? கேஸ் போடுவாங்களா?” என்று மனைவி பயந்தாள். அதற்குள் அவளுடைய தம்பியே வாசலில் வந்து நின்றான். அவன் அதே ஸ்டுடியோவில் ஒன்பது வருடமாகக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதும் ஒப்பந்த ஊழியன்.

“அத்தான், உங்க பேரைச் சிபாரிசு பண்ணதே நான்தான். நீங்க மனசு மாறிட்டீங்கன்னா என்னை நிரந்தரம் பண்றதா எழுதியே குடுத்திருக்காங்க.”

“மனசு மாறலைன்னா?”

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா கணவரைப் பார்த்தாள். பல்செட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டுடியோவின் மூன்றாவது மாடி முழுக்க அறைகளும் பலகைகளுமாக இருந்தது. ‘பழமையைப் போற்றும் பிரிவு’, அதற்கு எதிரே ‘பழமையை நீக்கும் பிரிவு’. இரண்டுக்கும் ஒரே பியூன். கடைசி அறையில் மனமாற்ற அதிகாரி இருந்தார். மிகவும் மரியாதையான பெண்மணி. வந்தவரின் கழுத்தில் ‘சந்தேகம்’ என்று அச்சடித்த மஞ்சள் அட்டையைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு, சுவரிலிருந்த அட்டவணையைக் காட்டினார். முதல் வாரம் கோபம். மூன்றாம் வாரம் குழப்பம். ஐந்தாம் வாரம் தயக்கம். ஏழாம் வாரம் கண் கலங்கல். வெளியீட்டன்று மேடையேறிக் கையெழுத்து.

“இப்ப நீங்க கோபத்துல இருக்கணும் சார். இருக்கீங்களா?”

“குழப்பமா இருக்கு மேடம்.”

“அது மூணாவது வாரம். கொஞ்சம் அவசரப்படறீங்க. பரவால்ல, முன்கூட்டியே வந்ததா பதிஞ்சுக்கறேன்.”

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் எதுக்கு?”

அதிகாரி அன்போடு விளக்கினார். “எங்க படம் நல்லாயிருக்குன்னு நாங்க சொன்னா யாரும் நம்பறதில்ல. மொதல்லேர்ந்தே பிடிச்சிருக்குன்னு ஒரு ரசிகர் சொன்னா, நாங்க சொல்லிக் குடுத்ததுன்னு நினைக்கறாங்க. திட்டின ஆள் அழுதுகிட்டே பாராட்டினாத்தான் எடுபடுது. அதனால சந்தேகத்தையும் நாங்களே ஏற்பாடு பண்ணிடறோம். நீங்க எதுக்கும் கவலைப்பட வேண்டாம்.”

பல்செட்டுக்காரர் கவலைப்படுவதற்குள் கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது.

நீளமான மேஜை. தலைப்பக்கத்தில் உபதலைவர். எதிர்க்கோடியில் இயக்குநர், கண்ணெல்லாம் தூக்கமில்லாத ஒரு வாலிபர். மைத்துனன் மூலையில் நோட்டும் பேனாவுமாக இருந்தான். அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. குறிப்பில் ஏறியது ஏறியதுதான். ஒரு காலத்தில் யாரோ ஒரு வரியை அடித்துவிட, இரண்டு பிரிவுகள் ஆறு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தன. அதிலிருந்து, குறிப்பேட்டில் எழுதிய ஒரு சொல்லை நிறுவனத் தலைவரே வந்தாலும் தொட முடியாது.

உபதலைவர் எழுந்து பேசினார். “பழைய படத்து மேல எனக்கு இருக்கற மரியாதை உங்க யாருக்கும் இருக்காது. அவ்வளவு மரியாதை இருக்கறதாலதான் நான் இன்னிவரைக்கும் அதைப் பார்க்கல. பார்த்தா அதோட பாதிப்பு நம்ம படத்துல வந்துடும் பாருங்க.” எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். குறிப்பில் ஏறியது.

அட்டைத் துணைக்குழுவின் தலைவர் அடுத்து எழுந்தார். “அந்த இயந்திரம் அட்டையா இருந்ததுதான் ரசிகர்களுக்குப் பிடிச்சிருக்குன்னு ஆய்வு சொல்லுது. அதனால, அட்டை மாதிரியே தெரியற உலோகம் ஒண்ணைக் கம்ப்யூட்டர்ல உருவாக்கியிருக்கோம். நூத்தி நாற்பது பேர், பதினாலு மாசம். பசை வழியறதுக்கு மட்டும் தனி டீம்.”

“அட்டையிலேயே செஞ்சிருக்கலாமே?” என்று பல்செட்டுக்காரர் கேட்டார்.

“செஞ்சு பார்த்தோம் சார். அட்டை அட்டை மாதிரி தெரியல.”

மௌனப் பிரிவின் தலைவர் பேச்சை எடுத்தவர் லேசில் விடவில்லை. “பதினொரு நிமிஷ மௌனத்துல நாங்க கையே வைக்கல. மேல ஒரு பாட்டு மட்டும் போட்டிருக்கோம். பாட்டுக்கு நடுவுல அவ மனசுல என்ன நினைக்கறான்னு அவளே சொல்றா. ஜன்னலுக்கு வெளிய பன்னெண்டு கப்பல் சண்டை போடுது. மத்தபடி மௌனம் அப்படியே இருக்கு.”

“அவ தனியா இருக்கறதுதானே சார் கதை?”

உபதலைவர் கனிவாகச் சிரித்தார். “தனிமையைப் பார்க்க யாரும் தனியா வரதில்ல சார். குடும்பத்தோட வராங்க. அவங்களுக்கும் ஏதாவது வேணுமில்லையா?”

பல்செட்டுக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அதுவும் ‘ஆட்சேபம் இல்லை’ என்று குறிப்பில் ஏறியது.

முதல் சோதனைக் காட்சியில் அவர் கண்ணுக்கு எதிரே ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தினார்கள். கண்ணீர் வந்தால் மேலே பச்சை விளக்கு எரியும். புதுப்படம் ஓடியது. பன்னிரண்டு கப்பல்கள் வெடித்தன. இயந்திரம் நகைச்சுவை சொன்னது. பூமியின் நீலம் கண்ணைப் பறித்தது. இரண்டு இடங்களில் நன்றாகவே எடுத்திருக்கிறார்கள் என்று அவர் மனதுக்குள் ஒப்புக்கொள்ளவும் செய்தார், பொய் சொல்லத் தெரியாத மனிதர். எழுபத்தோராவது நிமிடத்தில், பழைய படத்துக்கு மரியாதை செய்வதாக அதிலிருந்தே இரண்டு நிமிடத் துண்டைச் சேர்த்திருந்தார்கள். அதே பெண், அதே ஜன்னல். அவர் தயாராக இருக்கவில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது. இருட்டில் யாரோ கைகுலுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“வலது கண், ஒரு சொட்டு, எழுபத்தோராவது நிமிஷம்,” என்று மனமாற்ற அதிகாரி சொல்ல, மைத்துனன் எழுதினான்.

“மேடம், அது பழைய படம். நான் அழுதது அதுக்கு.”

“எங்க படத்துக்குள்ள வருதில்லையா சார்? அப்ப அது எங்க கண்ணீர்தான்.”

அவர் விடவில்லை. ‘அழுகைக் காரண முறையீட்டுக் குழு’ என்று ஒன்று இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு மனு போட்டார். மறுநாளே பதில் வந்துவிட்டது. ‘கண்ணீருக்குக் காரணம் கேட்பது ரசிகரின் அந்தரங்கத்தில் தலையிடுவதாகும். ஆகவே தங்கள் அந்தரங்கத்தைத் தங்களிடமிருந்து காப்பாற்றும் பொருட்டு மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.’ கூடவே விதிமுறையின் நகல். மூன்று காட்சிகளில் மூன்று சொட்டு விழுந்தால் முழுச் சம்மதம். அதற்கு மேல் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனன் சாப்பிட வந்திருந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அத்தான், ஒரு விஷயம். உங்க கையெழுத்து விழுந்ததும் பழைய படத்துக்கு கௌரவ ஓய்வு குடுக்கறாங்க.”

“அப்படின்னா?”

“தியேட்டர், டிஸ்க், இணையம் எல்லாத்துலேர்ந்தும் எடுத்துடுவாங்க. ஒரே பேர்ல ரெண்டு படம் இருந்தா மக்களுக்குக் குழப்பமாம். சந்தேகப்பட்ட ரசிகரே புதுசை ஏத்துக்கிட்டாரு, இனிமே பழசு எதுக்குன்னு ஒரு தீர்மானம். நான்தான் எழுதினேன்.”

பல்செட்டுக்காரர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். அவருக்கு அப்படிக் கோபம் வந்து மனைவி பார்த்ததில்லை. “உயிரோட இருக்கறதைப் புதைக்கறதுக்கு என் கையெழுத்தா? போடமாட்டேன்.”

“ஏங்க, படம்தானே?” என்றாள் மனைவி. “மூணு தடவை உங்ககூட உட்கார்ந்து மூணு தடவையும் தூங்கியிருக்கேன் நான். இவனைப் பாருங்க. வருஷா வருஷம் ஒரு வருஷம் நீட்டிக்கறோம்னு கையெழுத்து வாங்கறாங்க. அடுத்த வருஷம் இருப்போமோ மாட்டோமோன்னு ஒரு நல்ல நாற்காலி வாங்கக்கூடப் பயப்படறான். உங்களுக்கு ஒரு படம், இவனுக்குப் பொழப்பு.”

அவள் சொன்னதில் தப்பில்லை. பல்செட்டுக்காரர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு மைத்துனன், எப்படியாவது பேச்சை மாற்றவேண்டுமே என்று, அலுவலகக் கதை ஒன்றை எடுத்துவிட்டான். அந்த இரண்டு நிமிடத் துண்டில்தான் கண்ணீர் விழுந்தது என்பதால், அதைப் பதினொரு நிமிடமாக நீட்டச் சொல்லி உத்தரவாம். கண் காய்ந்திருந்த இடங்களுக்கு ‘வறண்ட நிமிடங்கள்’ என்று பெயர் வைத்து, நாற்பது நிமிடத்தை வெட்டிவிட்டார்களாம்.

பல்செட்டுக்காரர் செம்பைக் கீழே வைத்தார். “இன்னொரு தடவை சொல்லு மாப்ள. நான் அழாத இடத்தையெல்லாம் வெட்டறாங்களா?”

“ஆமா அத்தான். அழுத இடத்தை நீட்டறாங்க.”

மனைவிக்கும் அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. தூங்குகிறவள்தான், ஆனால் கணக்கில் புலி. “அப்ப என்ன, போய் ஒழுங்கா அழுதுட்டு வாங்க,” என்றாள்.

இரண்டாவது சோதனைக் காட்சியில் அவர் கப்பல் வெடித்ததற்குக் கொட்டாவி விட்டார், பாட்டுக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், பழைய துண்டு வந்ததும் தாராளமாக அழுதார். அதில் நடிப்பு தேவைப்படவில்லை. உபதலைவர் வரைபடத்தைப் பார்த்துப் பரவசப்பட்டார். “பார்த்தீங்களா, நம்ம படம் போகப் போக எப்படி மெருகேறுது!” பன்னிரண்டு கப்பல்களும் நீக்கப்பட்டு, அந்த இடங்களில் பழைய படத்தின் துண்டுகள் சேர்க்கப்பட்டன. நீக்கிய கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி நவிலல் கூட்டம் நடந்தது. அட்டை போன்ற உலோகம் போய், அட்டை வந்தது. நூற்று நாற்பது பேரும் இப்போது அட்டையின் நம்பகத்தன்மையைக் கண்காணிக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்கள்.

படிக்கட்டில் இயக்குநர் அவரை மறித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். “சார், அடுத்த தடவை ஆரம்பத்துல, அவ வீட்டைப் பூட்டற இடத்துல பழைய துண்டைச் சேர்த்து வைக்கறேன். அங்கயும் கொஞ்சம் அழுங்க. நான் எடுத்ததை என்னாலயே பார்க்க முடியல. சின்ன வயசுல அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் சார் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.”

மூன்றாவது காட்சியில் ஓடியது முழுக்கப் பழைய துண்டுகள்தான். முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை பச்சை விளக்கு அணையவே இல்லை.

வெளியீடு ஒரு காலைக் காட்சி. ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கம் நிரம்பியிருந்தது. பல்செட்டுக்காரர் தேய்த்த சட்டை போட்டு, பையில் பேனா வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆமாம், கையெழுத்துப் போடுவது என்றுதான் வந்திருந்தார். பழையதற்கு ஓய்வு கொடுத்தால் என்ன? புதியது என்று ஓடப்போவதும் அதேதான், ஒரு நொடி மாறாமல். படம் பிழைத்தது, மைத்துனன் பிழைத்தான், வீட்டிலும் சமாதானம். இத்தனை பேரை ஏமாற்றி இவ்வளவு நல்ல காரியம் வேறு எப்படி நடக்கும்? மூன்றாம் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை தூங்கவில்லை.

விளக்கணைந்தது. அதே பெண், அதே ஜன்னல், அதே வழிந்த பசை. உபதலைவர் வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தார். பதினொரு நிமிட மௌனத்தில் அவர் தேம்பியது நான்கு வரிசைக்குக் கேட்டது. “எவ்வளவு நல்லா எடுத்திருக்கோம்,” என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. உபதலைவர் முதல். அட்டைத் துணைக்குழு, மௌனப் பிரிவு, பசை டீம், கப்பல்களை வடிவமைத்தவர்கள், கப்பல்களை நீக்கியவர்கள், பழமையைப் போற்றுவோர், நீக்குவோர், அவர்களுடைய உதவியாளர்கள். தொள்ளாயிரம் பெயர், ஒன்பது நிமிடம். பல்செட்டுக்காரர் காத்திருந்தார். பழைய படத்தின் முடிவில் ஒரே ஓர் அட்டை வரும். படத்தை எடுத்த பதினாலு பேரின் பெயர்கள், பக்கத்தில் அவரவர் பார்த்த வேலை. அதை எங்காவது ஓர் ஓரத்தில் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்தார். ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்ற வரியோடு திரை வெளுத்துவிட்டது.

அவருக்கு உடம்பு சூடேறியது. முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் வாய்க்குப் பல் செய்திருப்பார். சிரித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் மருத்துவருக்குக் கைகொடுத்தார்கள். பல்லைச் செய்தது யார் என்று ஒருத்தர் கேட்டதில்லை. அதில் தனக்கு வருத்தமில்லை என்றுதான் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தம் இருந்தது. நிறையவே இருந்தது.

மேடைக்கு அழைத்தார்கள். மேஜைமேல் ‘என் சந்தேகம் முற்றிலும் தீர்ந்தது’ என்று அச்சிட்ட சான்றிதழ். பக்கத்தில் மைத்துனன் குறிப்பேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். உபதலைவர் மைக்கில் முழங்கினார். “மூணு மாசத்துக்கு முன்னாடி நம்மளைத் திட்டின ரசிகர் இவர். சொல்லுங்க சார், உங்க சந்தேகம் தீர்ந்துதா?”

“தீரல,” என்றார் பல்செட்டுக்காரர்.

அரங்கம் கைதட்டத் தூக்கிய கையோடு நின்றது.

“பழைய படம்தான் சார் நல்லாயிருக்கு.”

உபதலைவருக்குச் சிரிப்பு மாறவில்லை, குரல்தான் மாறியது. மைக் கையில் இருப்பது மறந்துபோய்ப் பல்லைக் கடித்தார். “யோவ், ரெண்டும் ஒரே படம்யா. ஒரு ஃப்ரேம்கூட மாறலன்னு அறிக்கையே வந்திருக்கு. அப்புறம் அது எப்படி இதைவிட நல்லாயிருக்கும்?”

ஆயிரம் பேரும் கேட்டார்கள். மனமாற்ற அதிகாரி முகத்தை அட்டவணையால் மறைத்துக்கொண்டார்.

“அதுல எடுத்தவங்க பேர் இருக்கு சார். இதுல எடுத்துக்கிட்டவங்க பேர்தான் இருக்கு,” என்றார் பல்செட்டுக்காரர். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அட்டையை வெட்டி ஒட்டியவரின் பெயர். ஜன்னலுக்குப் பின்னால் பூமியைக் கையால் சுற்றியவரின் பெயர். அந்தப் பெண்ணுக்கு உடை தைத்தவர், விளக்குப் பிடித்தவர், ஒலியைப் பதிந்தவர். அறுபத்தொரு தடவை படித்த பெயர்கள். தடுமாறாமல், எங்கே நிறுத்திவிடுவார்களோ என்று மூச்சுவிடாமல், பதினாலையும் சொல்லி முடித்தார்.

உபதலைவர் மேஜைப்பக்கம் திரும்பினார். “நீ எதையும் எழுதாதே. சந்தேகம் தீர்ந்ததுன்னு மட்டும் எழுது. நாளைக்கே உனக்கு நிரந்தர ஆர்டர்.”

மைத்துனனின் பேனா நோட்டுக்கு மேலே நின்றது. ஒன்பது வருடமாக அவன் யார் சொன்னதை எழுதக்கூடாது என்று யோசித்ததே இல்லை. நிமிர்ந்து மூன்றாம் வரிசையைப் பார்த்தான்.

“எழுதுடா,” என்றாள் அக்கா.

அவன் பேனாவை ஒருமுறை உதறினான். ‘சந்தேகம் தீரவில்லை’ என்று எழுதி, அடியில் கோடு போட்டான். பிறகு புதுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு சொன்னான். “அத்தான், ரொம்ப வேகமா சொல்லிட்டீங்க. ஒவ்வொரு பேரா மெதுவா சொல்லுங்க, குறிப்புல ஏத்தணும்.”

பல்செட்டுக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் பெயரிலிருந்து நிதானமாகச் சொன்னார்.